தேய்ப்பதா, ஒட்டுவதா, கழற்றி மாற்றுவதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கச்சி வீட்டுக்காரர் தன் மைவி காரை (எங்கள் பேச்சில் காடி) எங்கள் பட்டர்வொர்த் ஃபிளாட்டின் கீழே நிறுத்திவிட்டு, "மச்சான், இதக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். கைபேசி டார்ச்சை அடித்து, கியர் பக்கத்தில் இருக்கும் பளபளப்புக் கறுப்புப் பலகையைக் காட்டினார். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள். அவற்றுக்கு நடுவே பிறை வடிவத்தில் நாலைந்து ஆழமான கீறல்கள்.

பிறைக் கீறலுக்கு யார் காரணம் என்று கேட்கவே வேண்டியதில்லை. அவருக்குப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை. தினமும் பாலத்து டோலில் டச் அண்ட் கோ கட்டண அட்டையைத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் அதைக் கியர் பக்கம் விட்டெறிவார். சிலந்திவலையின் கதை வேறு. டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருக்குத் தங்கச்சி வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு வைப்பாள். உதிர்ந்ததைக் கையில் கிடைத்த துணியால், சில நாள் துப்பட்டா முனையால், காய்ந்தபடியே துடைத்துவிடுவாள். சாம்பல் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். நம் பாட்டிமார் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்ததே சாம்பலால்தான்.

"அடுத்த மாசம் வித்துடலாமா, இல்ல இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாமான்னு யோசிக்கிறேன். இதை எப்படியும் சரி பண்ணணும். பாலிஷ் போடவா, ஸ்டிக்கர் ஒட்டவா, பலகையையே மாத்தவா?" என்றார். நான் காடியைத் துலக்கிப் பாலிஷ் போடும் தொழில்முறை டீட்டெய்லர் இல்லை. ஆனால் பத்து வருஷமாகச் சொந்தக் காடியிலும் சொந்தக்காரர் காடிகளிலும் கைவைத்து, சிலதைத் தேற்றியும் ஒன்றிரண்டைக் கெடுத்தும் இருக்கிறேன். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், காடிக்குள் இருக்கும் எல்லாமே ஒரே பிளாஸ்டிக் இல்லை. பியானோ பிளாக் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்லும் பளபளப்புப் பலகை ஒரு வகை. கதவின் கீழ்ப்பாதியில் தோல் போலச் சொரசொரப்பாக இருப்பது வேறு வகை. மீட்டரை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற தகடும், கதவு சுவிட்ச் மேல் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பூச்சும் தனித்தனி ஜாதி. பாலிஷ் எடுபடுவது பளபளப்புப் பலகைக்கும் மீட்டர் தகட்டுக்கும் மட்டும்தான். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பாலிஷ் போட்டால் கீறல் போகாது. அந்த இடம் மட்டும் மினுமினுவென்று மின்னி, முன்பைவிட அசிங்கமாகத் தெரியும்.

பளபளப்புப் பலகையிலும் இரண்டு உண்டு. சிலவற்றில் பிளாஸ்டிக்கே கறுப்பு நிறத்தில் வார்க்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கறுப்புக்கு மேல் கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சு அடித்திருப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, கண்ணுக்குப் படாத ஓரத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்ப்பது. துணி கறுத்தால் வார்ப்பு நிறம். வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் கோட். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. காடியின் வெளிப்புறத்தில் இருக்கும் கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. பாலிஷ் என்பது கீறலை மூடும் மருந்து இல்லை. கீறலின் அடி வரைக்கும் சுற்றியுள்ள மேற்பரப்பைச் சுரண்டிச் சமமாக்குகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும். போனது திரும்பி வராது. கிளியர் கோட் உள்ள பலகையில் வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷ் போடலாம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நகச் சோதனை. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் பாலிஷுக்கு அடங்கும். மாட்டினால் அடங்காது. 3000 கிரிட் எனும் மிக நைசான உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, அதன் பிறகு பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்று காணொளிகளில் காட்டுவார்கள். வார்ப்பு நிறப் பலகையில் அது நடக்கும். கிளியர் கோட்டில் அது சூதாட்டம். மச்சானுடைய சிலந்திவலை நகத்துக்குத் தட்டுப்படவில்லை. பிறைக் கீறல்களில் இரண்டு நன்றாகவே மாட்டின.

கையால் போடும் பாலிஷுக்கு மொத்தச் செலவு 50, 60 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கும். பிளாஸ்டிக்குக்கென்றே வரும் மெல்லிய பாலிஷ் ஒரு குப்பி (மெகுயர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ் மாதிரி ஏதாவது), மைக்ரோஃபைபர் துணி இரண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் மெத்தென்ற ஃபோம் பேட் ஒன்று, மாஸ்கிங் டேப். டேப்பை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பாலிஷ் பக்கத்திலிருக்கும் சொரசொரப்பு பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்தால், கோலப்பொடி சிந்தின மாதிரி வெள்ளையாய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு பல்துலக்கும் பிரஷ்ஷோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

முதல் வேலை தூசியை எடுப்பது. துடைத்து எடுக்கக் கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, காற்றூதி, பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பேடில் பட்டாணி அளவு பாலிஷ். ஒரு சாண் நீளம் மட்டும் எடுத்துக்கொண்டு, அழுத்தாமல், முதலில் மேலும் கீழுமாய், அப்புறம் குறுக்காக. ஒரு நிமிஷம் தேய்த்துத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் சுற்றில் பாதிக் கோடுகள் போயிருக்கும். மூன்றாவது சுற்றில் முகம் தெரியும். இந்த மூன்றாவது சுற்று தரும் சந்தோஷத்துக்காகவே பலர் பாலிஷ் போடுகிறார்கள் என்பது என் சந்தேகம். வெயிலில் நின்ற காடியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மத்தியானம் மூடிக் கிடக்கும் காடியின் டேஷ்போர்டு 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். பாலிஷ் வைத்தவுடன் காய்ந்து பொருக்காகிவிடும், பிளாஸ்டிக்கும் சூடேறி இருக்கும். காலை எட்டு மணிக்குள் முடியுங்கள்.

இங்கே என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், கை வலிக்கிறது என்று டிரில் மெஷினில் சின்ன ஃபோம் பேட் மாட்டி என் சொந்தக் காடியின் ரேடியோவைச் சுற்றியிருந்த சட்டத்தைத் தேய்த்தேன். ஒரே இடத்தில் ஐந்தாறு விநாடி கூடுதலாக நின்றிருக்கும், அவ்வளவுதான். பத்துக் காசு அகலத்துக்குப் பளபளப்பு செத்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுமார் 100 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சுழலும் பேடின் உராய்வுக்கு அந்தச் சூடு பெரிய விஷயமே இல்லை. உருகிய இடத்துக்கு எந்தப் பாலிஷும் மருந்தில்லை. அந்தச் சட்டத்தைக் கடைசியில் மாற்ற வேண்டி வந்தது.

பற்பசை போதும் என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பற்பசையிலும் தேய்க்கும் தூள் இருக்கிறது, அதனால் ஏதோ நடக்கத்தான் செய்யும். ஆனால் அது பல்லின் கடினத்துக்குச் செய்தது. கறுப்புப் பளபளப்பில் போட்டால் பெரிய கீறல் மங்கி, அதற்குப் பதில் மெல்லிய புகை மாதிரி ஒரு மங்கல் வந்து உட்காரும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு விற்கும் டேஷ்போர்டு பளபளப்புத் தைலம் இன்னும் மோசம். சிலிக்கோன் எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி இரண்டு நாள் மறைக்கும். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும். தூசியைத் துடைத்தால் புதுக் கீறல். அதோடு முடியாது, இந்தப் பிசுக்கின் கைவரிசையைப் பின்னால் ஃபிலிம் ஒட்டும்போதும் பார்க்கப்போகிறோம்.

கடையில் கொடுப்பது? செபராங் ஜெயா பக்கம் இரண்டு இடத்தில் விசாரித்தோம். உட்புறம் முழுக்கச் சுத்தம் செய்து பளபளப்புப் பலகைகளுக்குப் பாலிஷும் சேர்த்து ஒரு கடையில் 250 வெள்ளி, இன்னொன்றில் 320. பலகைகளுக்கு மட்டும் என்றால் 100. நல்ல கடையில் ஒரு அங்குல பேட் வைத்த சின்ன மெஷின் இருக்கும், வேகத்தைக் குறைத்து ஓட்டத் தெரிந்த கையும் இருக்கும். மூலை முடுக்குகளில், பட்டன்களுக்கு இடையில், அந்த மெஷின் செய்வதை நம் விரல் செய்ய முடியாது. என் கருத்து, பலகை ஒன்றுதான் என்றால் கடைக்குப் போகத் தேவையில்லை. ஏசி பட்டன், ஜன்னல் சுவிட்ச், ஸ்டீரிங் என்று எட்டுப் பத்து இடம் என்றால் 100 வெள்ளி மலிவு. கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாஸ், இது கிளியர் கோட்டா, வெறும் பிளாஸ்டிக்கா?" பார்த்துச் சொல்கிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்கலாம். எல்லாம் ஒண்ணுதான் லா என்பவரிடமிருந்து மெதுவாக நகர்ந்துவிடலாம்.

இப்போது ஒட்டும் வழி. இதிலும் இரண்டு இருக்கிறது, இரண்டும் வேறு வேறு வேலைக்கு. பார்வைக்கு மறைப்பது வினைல் ராப் எனும் நிற ஸ்டிக்கர். இருப்பதைக் காப்பது பிபிஎஃப் எனும் ஒளிபுகும் ஃபிலிம். வினைலில் மேட் கறுப்பு, கார்பன் ஃபைபர், மர நிறம் எல்லாம் கிடைக்கும். நகம் மாட்டும் கீறலையும் அது விழுங்கிவிடும், மிக ஆழமானதை முதலில் நிரப்பித் தேய்த்தால் போதும். வெள்ளிப் பூச்சு உரிந்துபோன கதவுக் கைப்பிடி மாதிரி, பாலிஷால் ஒன்றுமே செய்ய முடியாத இடங்களுக்கு வினைல்தான் சரி. மேட் மேற்பரப்பு விரல்ரேகையையும் காட்டாது. ஆனால் கார்பன் ஃபைபர் கோடு போட்ட வினைலைக் குடும்பக் காடியில் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. பட்டுவேட்டிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கும். அவரவர் ரசனை.

பிபிஎஃப் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற இழுவைத்தன்மை உள்ள பொருள், சுருக்கமாக டிபியூ. காடியின் வெளியே ஒட்டுவது 150 முதல் 200 மைக்ரான் வரை தடிப்பாக இருக்கும். நல்ல ஃபிலிமில் விழும் மெல்லிய கோடுகள் சூடு பட்டால் தானாக மறையும். நம் ஊரில் அதற்கு ஹேர்டிரையர்கூட வேண்டாம், மத்தியானம் வெயிலில் நிறுத்தினாலே போதும். ஷாப்பி இணையக் கடையில் மாடல் பெயர் போட்டுத் தேடினால், அளவாக வெட்டிய தொகுப்புகள் 30, 40 வெள்ளியிலிருந்து கிடைக்கின்றன. வாங்கும்போது டிபியூ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மிக மலிவானவை பெரும்பாலும் பிவிசி. கோடு மறையாது, நாளாக ஆக மஞ்சளித்து விறைத்துப்போகும்.

ஒட்டுவது கடினம் இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். குழந்தை ஷாம்பு இரண்டு துளி விட்ட தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை மிதக்கவிட்டு, இடத்தில் நகர்த்தி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். பட்டன்கள் பக்கம் தண்ணீர் இறங்காமல் துணியை வைத்துக்கொள்ளுங்கள். தோல்வி எப்போதும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். முதல் வாரம் அழகாக இருக்கும். இரண்டாவது மாசம் வெயிலில் ஓரம் எழும்பி, அதில் தூசி ஒட்டி, கறுப்புக் கரை கட்டின மாதிரி தெரியும். காரணம் பெரும்பாலும் அந்தச் சிலிக்கோன் பிசுக்குதான். வருஷக்கணக்காகத் தைலம் போட்ட பலகையைச் சோப்புத் தண்ணீரால் கழுவினால் மட்டும் போதாது. நீர்த்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து லேசாக, இரண்டு முறை துடைக்க வேண்டும். பலகை அக்ரிலிக் என்றால் ஆல்கஹால் நுண்ணிய வெடிப்பை உண்டாக்கலாம், ஆகவே அதிலும் முதலில் ஓரத்தில் சோதனை.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஓரம் எழும்பக் கூடாது என்று பலகை முழுக்க 3எம் பிரைமர் 94 எனும் ஒட்டுதலைக் கூட்டும் திரவத்தைத் தடவி வினைலை ஒட்டிக்கொடுத்தார்கள். ஒட்டியது உண்மைதான். இரண்டு வருஷம் கழித்துப் பழைய வினைலை உரித்தபோது பசை பலகையிலேயே தங்கிவிட்டது. அதை எடுக்க நான் பட்ட பாடு, வெல்லப்பாகு காய்ந்த சட்டியைக் கழுவியவர்களுக்குத் தெரியும். பிரைமர் மடிப்பு மூலையில் ஒரு கோடு தடவத்தான். பலகை முழுக்கக் குளிப்பாட்ட இல்லை.

சரி, கழற்றி மாற்றினால்? கேட்கும்போது இதுதான் சுத்தமான வழி மாதிரி தோன்றும். பக்கத்து ஊரான பிறையில் ஓர் உதிரிபாகக் கடையில் புதுப் பலகைக்கு 200 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகச் சொன்னார்கள், ஆர்டர் போட்டால் ஒரு வாரம். மச்சானுக்கு அது அதிகமாகப் பட்டது. பழையது பார்க்கலாம் என்று புக்கிட் மெர்தாஜாம் பக்கம் காடி உடைக்கும் ஒரு யார்டுக்குப் போனோம். ஹாஃப்-கட் கடைகளில் ஜப்பானிலிருந்து பாதியாய் வெட்டி வரும் காடிகளின் சாமான்தான் அதிகம். மைவி மாதிரி நம் ஊர்க் காடிக்கு, விபத்தில் போன வண்டிகளை உடைத்து விற்கும் இடம்தான் சரி. தவுக்கே, அதாவது முதலாளி, உள்ளே போய் மூன்று பலகைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்றிலும் அதே இடத்தில், கியர் பக்கத்தில், கீறல். ஒன்றில் பிறை வடிவம்கூட அச்சு அசல். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ கோடு போடுற எடத்துலதான் எல்லாரும் கோடு போடுவான் லா."

பழைய பலகை வாங்கும் யோசனை அங்கேயே முடிந்தது. உடைந்துபோன, கிளிப் போன, உருகிப்போன பலகைக்குப் பழையது சரி (என் டிரில் சாகசத்துக்கு நான் அப்படித்தான் மாற்றினேன், 40 வெள்ளி). கீறலுக்காகப் பழையது வாங்குவது, நம் கீறலைக் கொடுத்து இன்னொருவர் கீறலை வாங்குவது. புதியது வாங்கினாலும், ஃபிலிம் ஒட்டாமல் மாட்டினால் ஆறே மாசத்தில் திருநீறு தன் வேலையைக் காட்டிவிடும். கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரை நுழைக்காதீர்கள், ஓரத்தில் புதுக் காயம் வரும். பிளாஸ்டிக் நெம்புகோல் தொகுப்பு 15 வெள்ளிதான்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவின் கீழே, பூட் ஓரத்தில், சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகத் தெரியும் கோடுகளுக்கு ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே காட்டினால் பெரும்பாலும் மங்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சொரசொரப்பு அழிந்து மினுங்கும். பயம் என்றால் விட்டுவிடுங்கள், கதவின் கீழ்ப்பாதியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 2000களில் வந்த சில ஐரோப்பியக் காடிகளில் சுவிட்ச் மேல் இருந்த மெத்தென்ற பூச்சு, நம் ஊர் ஈரப்பதத்திலும் சூட்டிலும் சிதைந்து, பலாப்பழப் பிசின் மாதிரி கையில் ஒட்டும். அது கீறல் இல்லை, பூச்சே செத்துவிட்டது. ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்தெடுத்து, அடியிலிருக்கும் வெறும் பிளாஸ்டிக்கோடு வாழப் பழகுவதே நல்லது. மீட்டர் தகட்டுக்குக் கையால் பாலிஷ், மெஷின் வேண்டவே வேண்டாம். தொடுதிரைக்குப் பாலிஷே கூடாது, மேலே இருக்கும் கண்கூச்சத் தடுப்புப் பூச்சு திட்டுத்திட்டாகப் போய்விடும். அங்கே திரைக் காப்பு ஃபிலிம் மட்டும்.

அப்படியென்றால் யாருக்கு எது? காடியை விற்கப் போகிறவர் கையால் பாலிஷ் போட்டு நிறுத்திக்கொள்ளட்டும். பழைய காடி வாங்குபவர் விபத்தில் அடிபட்டதா, வெள்ளத்தில் மூழ்கியதா என்றுதான் சீட்பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார். கறுப்புப் பலகையைப் பார்த்து விலையைக் கூட்டமாட்டார். அதே பலகை கீறலாக இருந்தால் பேரம் பேச ஒரு காரணம் கிடைத்த மாதிரி. அதைத் தடுக்க 60 வெள்ளி போதும், 300 வேண்டாம்.

கிராப் வாடகைக் காடி ஓட்டுபவருக்குப் பாலிஷ் வெட்டிச் செலவு. ஒரு நாளைக்கு இருபது பேர் ஏறி இறங்கும் காடியில், மோதிரமும் சாவிக்கொத்தும் பயணப்பையும் பாலிஷ் போட்டதை ஒரே வாரத்தில் பழையபடி ஆக்கிவிடும். பின்கதவுப் பலகைக்கும் சுவிட்ச் சட்டத்துக்கும் மேட் வினைல் ஒட்டிவிடுங்கள். கிழிந்தால் உரித்துப் புதிது.

காடியை வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறவருக்கு ஒரே பதில்தான்: ஒருமுறை பாலிஷ், உடனே அதன் மேல் பிபிஎஃப். இந்த வரிசை மாறக் கூடாது. கீறலோடு ஃபிலிம் ஒட்டினால் மெல்லிய கோடுகளைப் பசையே பெரும்பாலும் நிரப்பி மறைக்கும், ஆனால் நகம் மாட்டும் கீறல் கண்ணாடிக்குள் வைத்த படம் மாதிரி அப்படியே தெரியும். ஃபிலிம் இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால், வருஷாவருஷம் கிளியர் கோட்டைத் தின்றுகொண்டே இருப்போம். இனிமேல் விழும் கீறலை ஃபிலிம் வாங்கிக்கொள்ளட்டும். 40 வெள்ளிச் சாமான். கெட்டுப்போனால் உரித்து எறிந்துவிட்டு வேறு ஒட்டலாம்.

மச்சான் கடைசியில் காடியை விற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சிலந்திவலையை எடுத்துவிட்டோம். பிறைக் கீறல்களில் இரண்டு மங்கின, மாட்டிய இரண்டு மாட்டியபடியே இருக்கின்றன. டார்ச் அடித்துத் தேடினால்தான் தெரியும், பகலில் தெரியாது. அடுத்த வாரம் ஃபிலிம் வந்தது. முதல் துண்டு கோணலாகப் போய்க் குப்பைக்குப் போனது. நல்லவேளை, தொகுப்பில் இரண்டு இருந்தன.

டோல் அட்டையை இப்போதெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். திருநீறு விஷயத்தை மட்டும் என்னைத் தங்கச்சியிடம் பேசச் சொன்னார். "அது உங்க வீட்டு விஷயம் மச்சான், நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டேன்.